மஞ்சள் அட்டைச் சித்தி

ஜூன் 9, திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. ஏலத்தோட்டத்தில் இன்று வேலை இல்லை, கங்காணி போன். துணி காயாது. கருவாடு வறுக்கலாம்.

ஜெனி பள்ளிக்கூடம் போனபிறகு அவள் கட்டிலில் ஒரு நாவல். மஞ்சள் அட்டை, ஊர் லைப்ரரி முத்திரை. அவளைப் போல ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்கிற வகை. சோறு வேகும்வரை பார்க்கலாம் என்று எடுத்தேன். சோறு குழைந்துவிட்டது.

கதை: பதினாலு வயதுப் பெண். அம்மா இறந்துபோகிறாள். அப்பா இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு வருகிறார். வந்தவள் முதல் வேலையாக, செத்தவளின் சேலைகளை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிடுகிறாள்.

மூடி வைத்தேன். நானும் இந்த வீட்டுக்கு இரண்டாவதாக வந்தவள்தான். இந்த ஈஸ்டர் முடிந்துதான் கல்யாணம் ஆயிற்று. ஜெனி இதைப் படித்துவிட்டா நான் போடுகிற சோற்றைச் சாப்பிடுகிறாள்?

திரும்பவும் எடுத்தேன்.

ஜூன் 10
முடித்தாயிற்று. சித்தி கடைசிவரை திருந்தவே இல்லை. கோபம். ஆனால் அந்தப் பெண் ஹாஸ்டலுக்கு பஸ் ஏறும் இடத்தில் கண் கலங்கிவிட்டது. யாருக்காக என்று தெரியவில்லை.

ஜூன் 12
இன்னொன்று. ஓட்டப்பந்தயம் ஓடுகிற பையன், திக்குவாய். பிடித்தது.

இந்த வகைக் கதைகளில் பெரியவர்கள் எப்போதும் தப்பான நேரத்தில்தான் கதவைத் திறக்கிறார்கள். யாரும் பாத்திரம் கழுவுவதில்லை. எல்லாம் தெரிந்த ஒரு சிநேகிதி கட்டாயம். சிரிப்பு வந்தது. ஆனால் வகுப்பில் தன் பெயரைச் சொல்ல முடியாமல் அந்தப் பையன் நிற்கும் இடம் சிரிப்பு இல்லை. எழுதினவர் அங்கே நின்றிருக்க வேண்டும்.

அந்த வயதில் நான் பீர்மேட்டுத் தோட்டத்து லயத்து வீட்டில். படக்கதை விட்டபிறகு நேரே வாரப் பத்திரிகைத் தொடர்கதை. நடுவில் ஒன்றும் இல்லை. எனக்கும் ஒரு பதினாலு வயது இருந்தது என்று இப்போதுதான் படித்துத் தெரிந்துகொள்கிறேன்.

ஜூன் 14, சனி
மாட்டிக்கொண்டேன். நாவலின் ஒரு பக்கத்தில் என் விரலின் மசாலாக் கறை.

"சித்தி, இத யாரு எடுத்தா?"

"நாந்தான். சும்மா படிச்சுப் பாத்தேன்."

"எங்கிட்ட கேக்கலியே."

"கேட்டா தருவியோ என்னமோன்னு..."

"வீடு ஒங்களுக்கு. அப்பாவும் ஒங்களுக்கு. இதாவது எனக்கு மட்டும் இருக்கட்டும்னு பாத்தேன்."

கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடும்போது இவர், "அந்தப் பிள்ள புஸ்தகத்த நீ ஏன் தொடுத?" நியாயமான கேள்வி.

ஜூன் 15
கோயிலில் தள்ளிப்போய் உட்கார்ந்தாள். பிரசங்கம் ஒன்றும் காதில் ஏறவில்லை.

ஜூன் 17
லைப்ரரிக்குப் போய் நானே மெம்பர் ஆனேன். தமிழுக்கு ஒரே ஓர் அலமாரி. பிள்ளைகள் படிக்கிற நாவல் வேண்டும் என்றேன்.

"மோளுக்கா?" லைப்ரரி சேச்சி, மகளுக்கென்று நினைத்து.

"இல்ல சேச்சி. எனக்குத்தான்."

படகு கட்டுகிற அக்கா தங்கச்சி கதை. இரண்டே மூச்சில் படித்தேன். சாப்பாட்டு மேசையில் வைத்தேன், ஜெனி கண்ணில் படும்படி.

ஜூன் 19
மேசையில் புத்தகம் இல்லை. ஜெனியின் தலையணைக்குப் பக்கத்தில்! அவளும் என்னிடம் கேட்கவில்லை. சந்தோஷத்தில் தேங்காயோடு விரலையும் துருவிக்கொண்டேன்.

ஜூன் 20, வெள்ளி
சாயங்காலம் அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"அக்காக்காரி கடைசில படகுல ஏறாம கரையிலயே நின்னுட்டாளே, அது சரியா?"

"சரியில்ல. ஏறியிருக்கணும்."

"தங்கச்சி தனியா போய்ப் பழகணும்லா? அதுக்குத்தான்."

டீ ஆறும்வரை சண்டை. அவள் சொன்னதுதான் சரி. ஒப்புக்கொள்ளவில்லை.

பிறகு, கதவைச் சுரண்டிக்கொண்டே: "அந்த மஞ்ச அட்டைல... சித்தி சேலையக் குடுத்தது தப்புதான். ஆனா அது யாரு சேலைன்னு அவகிட்ட யாருமே சொல்லலியே."

கரண்டியைக் கீழே வைத்தேன்.

"எங்கம்மா சேலை எங்க இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

தன் அறைக்குக் கூட்டிப்போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தாள். ஊதா, திருவிழாவுக்குக் கட்டியது. கிளிப்பச்சை, ஜெனியின் ஞானஸ்நானத்துக்கு. எல்லாம் பூஞ்சை வாடை. மழை விட்டதும் வெயிலில் போடலாம் என்றேன்.

"நான் போடுதேன். நீங்க மடிச்சுத் தாங்க."

ஜூன் 23, திங்கள்
மழை விடவில்லை. கலெக்டர் லீவு விட்டாயிற்று. புதுப் புத்தகம் ஒன்று, ஆள் இரண்டு. ஜெனி சத்தமாகப் படிக்கிறாள், நான் கப்பக்கிழங்கு உரிக்கிறேன். மலையில் தொலைந்துபோன நாயைத் தேடிப் போகிற பெண். பாதிக் கதையில் நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"முடிவ மொதல்லயே பாத்துட்டீங்களா?"

"சேச்சே."

பொய். காலையிலேயே கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டேன். நல்ல முடிவு. ஜெனி அந்த இடத்துக்கு வரும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். கிழங்கு வெந்துவிட்டது. கூப்பிடுகிறாள். இன்னும் நாலைந்து பக்கம்தானாம்.