மிஸ்ஸியம்மா கேட்காத கேள்வி

இன்று காலை என் அறைக்குள் கஞ்சி வாசனை வந்தது. குடிக்கிற கஞ்சி இல்லை. சேலைக்குப் போட்டு உலர்த்தி, பித்தளைச் செம்பில் அடுப்புத் தணலை அள்ளிப்போட்டு, அதன் அடிப்பாகத்தால் அழுத்தித் தேய்த்தால் வருமே, லேசாகத் தீய்ந்த வாசனை, அது. வன்னியம்பட்டியிலிருந்து ஒரு பெண் டீச்சர் வேலை கேட்டு வந்திருந்தாள். முந்தானை ஓரத்தில் செம்புச் சூடு பட்டு ஒரு பழுப்புத் தழும்பு. அதை மடித்து மறைத்துக்கொண்டு நின்றாள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

ஆமாம், இப்போது மேசைக்கு இந்தப் பக்கம் உட்காருகிறவள் நான். சீவில்லிபுத்தூர்ப் பள்ளிக்கூடத்துக்கு நான்தான் தலைமை. "இந்த வாயாடியையா அங்க உக்கார வச்சாக!" என்று, என் சேக்காளி நீ, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய். சிரித்துக்கொள்.

நம் காலத்தில் இன்டர்வியூ என்ற சொல்லே நம் காதில் விழுந்ததில்லை. "சீவில்லிபுத்தூர் மிஸ்ஸியம்மா ஆள் பாக்கப் போறாகளாம்" என்று ராஜபாளையம் சபையில் உபதேசியாராக இருந்த என் அப்பா ஆராதனை முடிந்ததும் அறிவித்தார். மிஷன் பள்ளிக்கூடத்தை நடத்திய வெள்ளைக்கார அம்மா அவர். நம் சபையிலிருந்து ஒரு பெண்ணை டீச்சர் படிப்புக்கு எடுப்பார்கள். தங்கல், சாப்பாடு, படிப்பு எல்லாம் மிஷன் பொறுப்பு. இருப்பது ஒரே இடம். எட்டாவது முடித்திருந்தது நீயும் நானும்.

எனக்கு அது கிடைக்காவிட்டால் குடி முழுகிப் போகாது. அப்பா வேறு மிஷனில் கேட்டிருப்பார். உன் கதை வேறு. பருத்திப் பேட்டையில் மூட்டை தூக்கிய உன் அய்யா வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்: "எடம் கெடைச்சாப் போய்ப் படி, நான் தடுக்கல. கெடைக்கலேன்னா தை பொறந்ததும் கூமாப்பட்டி மாமனுக்குக் கழுத்த நீட்டணும். பொறவு அழக்கூடாது."

நீ அழவில்லை. "கெடைச்சிரும் ஏட்டி" என்றாய். எனக்கும் அதில் சந்தேகமே இல்லை. ஞாயிறு வகுப்பில் அத்தனை வாண்டுகளையும் பாயில் உட்காரவைத்து, மலையிறங்கி வந்த கரடிக் கதையை நீ சொல்லுவாயே! கரடி வாய்க்காலைத் தாண்டும் இடத்தில் நீ குரலைத் தணிப்பாய். எல்லாப் பிள்ளைகளும் காலை இழுத்து மடக்கிக்கொள்ளும். பெரியவள் நானும்தான் மடக்கிக்கொள்வேன். அந்தக் கதை எந்தப் புத்தகத்திலும் இல்லை, நீயாகக் கட்டியது. அப்படி ஒருத்தி இருக்க, இந்த இடம் வேறு யாருக்குப் போகும்?

சபைக் கோயிலுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் ஒத்திகை பார்த்தோம். கவிழ்த்த நெல்லளக்கிற மரக்காலில் நீ மிஸ்ஸியம்மாவாக உட்கார்ந்து, தாடையை உயர்த்தி, அவர்களுடைய புத்தகத் தமிழில், "மகளே, நீ இனிமையாய்ப் பாடுவாயோ?" என்பாய். நான் "தெரியும்மா, நல்லாத் தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்துச் சிரித்துப் புரள்வேன். ஒருநாள் உன் அம்மா அதைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு வசவு விட்டார்கள்.

"பெரியவிய கேட்டா தெரியும் தெரியும்னு துள்ளுவியாக்கும்? வளர்த்த விதத்தச் சொல்லுவாக. 'ஏதோ கொஞ்சம் வரும்மா, நீங்க சொல்லிக்குடுத்தா கத்துக்கிடுதேன்'னு தலையக் குனிஞ்சு சொல்லணும். நெறகொடம் தளும்பாது, கேட்டியா?"

அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். பெண் பார்க்க வந்தவர்களிடமும் நம் ஊர்ப் பெண்கள் அப்படித்தான் சொன்னார்கள். கல்யாண வீட்டில் பாடச் சொன்னால்கூட, "எனக்கு எங்க வருது" என்று மூன்று தரம் மறுத்துவிட்டுத்தானே வாயைத் திறந்தோம். கேட்கிறவர்களும் விடமாட்டார்கள், "சும்மா பாடுட்டி" என்று பிடித்து உட்காரவைப்பார்கள். அதுதானே நமக்குத் தெரிந்த மரியாதை. அந்தப் பதிலை நீ ஒரே நாளில் பிடித்துக்கொண்டாய். எனக்கு மட்டும் ஒவ்வொரு தரமும் "தெரியும்மா" என்றே வாயில் வந்து விழுந்தது. நீ என் தலையில் குட்டினாய்.

போகிற அன்று தெலுங்கு பேசும் எதிர்வீட்டு அம்மா தன் பெரிய செம்பைத் தந்து, இரண்டு சேலைக்கும் தானே சூடு வைத்துத் தேய்த்துக் கொடுத்தார். "பாகுந்தி அம்மாயி, அழகா இருக்க" என்று உன் கன்னத்தை வழித்தார். அத்தனை பாடும் பட்டுவிட்டு, நமக்குக் கிடைத்த வண்டியைப் பார்! பஞ்சு ஏற்றிய மாட்டுவண்டி. சீவில்லிபுத்தூர்க் கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தபோது நாம் இரண்டு பேரும் உடம்பெல்லாம் பஞ்சு ஒட்டி நின்றோம். பங்களா வாசலில் நின்று நீ என் முதுகில் பொறுக்கினாய், நான் உன் கொண்டையில் பொறுக்கினேன். "மூக்குல ஒண்ணு இருக்கு, அப்படியே போயிராத" என்றாய்.

உன்னை முதலில் கூப்பிட்டார்கள். நான் வராந்தா பெஞ்சில் இருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது.

"பாடுவாயோ?"

"ஏதோ சுமாரா வரும்மா."

"தையல் அறிவாயோ?"

"சொல்லும்படியா அம்புட்டு ஒண்ணும் தெரியாதும்மா."

"சிறு பிள்ளைகளுக்குக் கதை சொல்வாயோ?"

"எனக்கு என்னம்மா தெரியும். நீங்க சொல்லிக்குடுத்தா கத்துக்கிடுதேன்."

ஒத்திகையில்கூட நீ அத்தனை அழகாகச் சொன்னதில்லை. குரலில் ஒரு பணிவு, ஒரு நிதானம். முடிந்தது, இடம் இவளுக்குத்தான் என்று நான் வெளியே உட்கார்ந்து பூரித்துப்போனேன். "நல்லது மகளே, போகலாம்" என்றார் மிஸ்ஸியம்மா.

அடுத்து நான்.  பாட்டு தெரியும், தையல் தெரியும், லேஸ் பின்னவும் தெரியும் என்று அடித்துவிட்டேன். லேஸ் ஊசி குட்டையா நெட்டையா என்றுகூட நான் பார்த்ததில்லை. கதையும் தெரியும் என்றேன். "எங்கே, ஒன்று சொல்" என்றார். அந்த நேரத்தில் என் தலையில் இருந்தது உன் கரடி ஒன்றுதான். அதைச் சொன்னேன். வாய்க்கால் வருவதற்கு முன்பே கரடியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன். அவர் சிரித்தார்.

திரும்பி வரும் வண்டியில் நான் அழுதேன். "துள்ளிட்டேன் ஏட்டி, எல்லாத்தையும் கெடுத்துட்டேன்." நீ என் முந்தானையாலேயே என் மூக்கைத் துடைத்துவிட்டாய். "போட்டும் விடு. எங் கரடிய இப்படிக் கொன்னுட்டியேன்னுதான் வருத்தம். நான் மொதல்ல போய்ச் சேருதேன், அடுத்த வருசம் உனக்கும் சொல்லி வைக்கேன்." நெஞ்சாரச் சொன்னாய்.

பதில் வந்தபோது என் அப்பா அதை இரண்டு தடவை வாசித்தார். இடம் எனக்கு. உன் வீட்டுக்கு வர எனக்குக் கால் எழவில்லை. நீயே வந்தாய். கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நீ சுவரில் சாய்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னாய்: "மிஸ்ஸியம்மா படிச்சவக. மொகத்தப் பாத்தே கண்டுக்கிட்டாக. எனக்கு நெசமாவே ஒண்ணும் தெரியாது போலட்டி."

அடிப்பாவி! மரியாதைக்குச் சொன்ன சொல்லை நீயே நம்பிவிட்டாயே. அப்படி இல்லை, அப்படி இல்லை என்று நான் கத்தினேன். ஜெயித்தவள் சொன்னால் யார் காதில் ஏறும்? அடுத்த ஞாயிறு வகுப்பில் பிள்ளைகள் கரடியைக் கேட்டார்கள். "மறந்துபோச்சு" என்றாய்.

தை பிறந்தது, கூமாப்பட்டிக்குப் போனாய். படிப்பு முடிந்து சீவில்லிபுத்தூரிலேயே வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு லீவில் உன்னைப் பார்க்க வந்தேன். உன் மாமன் நல்ல மனுஷன்தான், எனக்கு இளநீர் வெட்டித் தந்தார். உன் மூத்தவன் மடியில் ஏறி, "கதை சொல்லும்மா" என்றான். "டீச்சரம்மா வந்திருக்காக, அவியளக் கேளு. அம்மைக்கு என்ன தெரியும்?" என்றாய். விளையாட்டாகச் சொல்லவில்லை. 

லீவு முடிந்து நான் திரும்பிய பிறகு, ஒருநாள் துணி தைத்துக்கொண்டிருந்த மிஸ்ஸியம்மா உன் பேச்சை எடுத்தார். "உன்னோடு வந்த பெண் நல்ல பெண். ஒன்றும் தெரியாது என்று உண்மையைச் சொன்னாள், பாவம்."

 நான் சொன்னேன்: "அம்மா, அது எங்க ஊர் மரியாதை. அந்தக் கரடிக் கதையே அவள் கதை." அவர் ஊசியைக் கீழே வைத்தார். "அப்படியானால் நான் இன்னொரு முறை கேட்டிருக்க வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லையே" என்றார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. யார்மேல் படுவது என்று தெரியாத கோபம் அது, இன்னும் எனக்குள் கிடக்கிறது.

இதைக் கடுதாசியில் எழுதக்கூடாது, உன் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும் என்று கிறிஸ்துமஸ் லீவுக்குக் காத்திருந்தேன். அதற்குள் மலைக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. உனக்கு ஒன்றும் தெரியாது என்று நம்பிக்கொண்டே போய்விட்டாய். இத்தனை வருஷத்தில் எனக்கு ஆறாதது இது ஒன்றுதான்.

இன்று அந்த வன்னியம்பட்டிப் பெண்ணிடம் கேட்டேன், சின்ன வகுப்பைப் பார்த்துக்கொள்ளத் தெரியுமா என்று. தலையைக் குனிந்தாள். "எனக்கு என்னம்மா தெரியும். நீங்க சொல்லிக்குடுத்தா கத்துக்கிடுதேன்."

என் பக்கத்தில் இருந்த மானேஜர் பேனாவை மூடினார். நான் அவர் கையைத் தட்டி நிறுத்தினேன். "அது கெடக்கட்டும். தெரிஞ்ச மட்டும் செஞ்சு காட்டு தாயி" என்றேன். எந்தப் பெண் வந்தாலும் இதைக் கேட்காமல் நான் அனுப்புவதில்லை.  அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தழும்பு தெரிவதையும் மறந்து, வாசலில் எட்டிப்பார்த்த வாண்டுகளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். நன்றாகத்தான் செய்தாள். உன் அளவுக்கு இல்லை.

உனக்குத் தெரியும், ஏட்டி. உனக்கு எல்லாம் தெரிந்திருந்தது.