கழுவாத குடல்

செவ்வாய், ராத்திரி.

கைடு மேடம் இன்னிக்கு லேப்ல எல்லார் எதிர்லயும் என் ஸ்லைடைத் தள்ளி வெச்சாங்க. "எலிக்குடலைக் கழுவாம, புழுக்கையோட வெட்டியிருக்க. அசிங்கமா இல்ல, ஸ்டெல்லா?"

இல்ல. நான் பாக்கறதே குடல் சுவத்து மேல படிஞ்சிருக்கற சளியைத்தான். நரம்பு அசிட்டைல்கோலின்ங்கற ரசாயனத்தை வெளிய விட்டா, குடல் சளியைச் சுரந்து தன்னை மூடிக்குது. கிருமி கிட்ட வராது. அந்த அசிட்டைல்கோலின் வேலையை மருந்தால தடுத்தா சளி மெலிஞ்சுபோவுதான்னு பாக்கத்தான் இந்த ஆராய்ச்சியே. குருசுக்குப்பத்துல வாங்குன விலாங்கு மீனை அம்மா வழவழப்பு போக சாம்பல் போட்டுத் தேய்க்கற மாதிரி மொதல்லயே கழுவிட்டா, அப்புறம் எதைப் பாக்கறது?

இதை அப்படியே சொன்னேன்.

"உன் சீனியர் ஃபாரூக் ஸ்லைடைப் பாரு, எவ்ளோ சுத்தம்! மருந்து குடுத்த எலிக்கும் குடுக்காத எலிக்கும் வித்தியாசமே இல்லன்னு தெளிவா தெரியுது."

எப்படித் தெரியும்? கழுவுனப்பவே ரெண்டு எலியோட சளியும் சிங்க்ல போயிடுச்சே!

ஃபாரூக் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அவனுக்கும் தெரியும்.

"நாளைக்குக் கழுவி எடுத்துட்டு வா. இல்லேன்னா வேற கைடைப் பாத்துக்க."

சோத்தை மூடி வெச்சுட்டு இதை எழுதறேன்.

நாளைக்குப் போவேன். இன்னொரு குடலை எடுப்பேன். குழாயைத் திறக்க மாட்டேன்.