வேப்பமரத்தடி அம்மனுக்குச் சீயக்காய்க் குளியல்

அக்கா,

இன்று மில்லில் சீயக்காய் அரைத்து வாங்கி வந்தேன். டப்பாவைத் திறந்ததும் மூன்று தும்மல். மூன்றாவதில் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

நம் முடிச்சூர் பூங்கா வெள்ளைக்காரன் காலத்தது என்று ஊரில் சொல்வார்கள். பெரிய வெள்ளம் வடிந்த மறுவாரம் அங்கே வேப்பமரத்தடியில் மண் அரித்து ஒரு கல் தலைகாட்டியது. அம்மன் தானாகத் தோன்றிவிட்டாள் என்று மஞ்சள் பூசியவள் நான்தான். அதன் பிறகு வெள்ளி தவறாமல் எண்ணெய், குங்குமம், எலுமிச்சம்பழம். கோயில் பக்கமே போகாத நீங்கள், பக்கத்து பெஞ்சில் வேர்க்கடலை உரித்தபடி பார்ப்பீர்கள்.

"ஏம்மா, உன் அம்மனுக்கு ஓரமெல்லாம் ஸ்கேல் வெச்ச மாதிரி நேரா இருக்கே?"

"வாயைக் கழுவுங்கக்கா. கண்ணு போயிடும்."

"எனக்கு ஏற்கெனவே கேட்டராக்ட்."

அப்புறம்தான் அந்த ஆள் வந்தார். பூங்கா அவர் தாத்தா சொத்தாம், வேலி போடப் போகிறாராம். கம்பிச் சுருளோடு வண்டியே வந்து நின்றுவிட்டது. நீங்கள் முட்டிவலியோடு தினம் நாலு சுற்று நடந்த இடம். நான் என் மாமியாரைப் பற்றி வாய்விட்டுப் பேச இருந்த ஒரே இடம். அளக்க வந்த அதிகாரி, "பழைய பார்க்னு எல்லாரும் சொல்றீங்க. எழுத்துல ஏதாவது இருக்கா? திறப்பு விழாக் கல்லு கில்லு?" என்றார். கூட்டம் முழித்தது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் அம்மனைப் பார்த்தேன்.

"அக்கா, வேணாம். தெய்வக் குத்தம்."

"என்ன குத்தம்? இத்தனை வருஷமா எண்ணெய் வெச்சியே, ஒரு நாளாவது சீயக்காய் போட்டியா?"

வீட்டுக்கு ஓடி சீயக்காயும் தேங்காய் நாரும் கொண்டுவந்தேன். நீங்கள் தேய்க்கத் தேய்க்க, நான் ஒரு கையால் தண்ணீர் ஊற்றி மறு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மஞ்சள் போய் எழுத்து வந்தது: 'இப்பூங்கா பொதுமக்களுக்கு உரியது.' கீழே ஏதோ ஒரு துரையின் பெயர், பாதி.

அதிகாரி படம் எடுத்துப் போனார். விசாரணை சில மாதம் நடந்தது. கடைசியில் வேலிக் கம்பி வந்த வண்டியிலேயே திரும்பிப் போனது.

எழுத்து தெரிந்த அன்று நான் அழுதது வேலிக்காக இல்லை. "இத்தனை வருஷமா ஒரு துரையையா கும்பிட்டேன்!"

"அழாதே. நீ எண்ணெய் தடவித்தான் எழுத்து தேயாம இருந்துச்சு. துரை சார்பா நான் தேங்க்ஸ் சொல்றேன்."

நீங்கள் கண்ணை மூடிய பிறகு கல்லுக்குப் பெயர் பரவிவிட்டது, அக்கா. நிலத்தகராறு உள்ளவர்கள் எல்லாம் வருகிறார்கள். நான் மட்டும் வெள்ளிதோறும் சீயக்காய் போட்டு, எழுத்தை மறைக்காமல் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்துவிட்டு, உங்கள் பெஞ்சில் கடலை உரிக்கிறேன். இன்று ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து ஒருத்தி, பத்திர ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒன்பது சுற்றுச் சுற்றினாள்.

"அது பார்க் திறந்த கல்லும்மா," என்றேன்.

"வாயைக் கழுவுங்கக்கா. கண்ணு போயிடும்."

"எனக்கு ஏற்கெனவே கேட்டராக்ட்," என்றேன். என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை, அக்கா. உங்கள் பதிலைச் சொன்னதும் கண் கலங்கிவிட்டது, அது வேறு.