விளக்கா, குடமா?

14.12.1982
வாக்கெடுப்பு வேலைக்கு என் பெயரும் வந்திருக்கிறது. எல்கடுவப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலை. இப்போதுள்ள பாராளுமன்றமே தேர்தல் இல்லாமல் இன்னும் ஆறு வருஷம் இருக்கலாமா என்பதுதான் கேள்வி. ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். தேர்தல் வேண்டாமென்று சொல்ல ஒரு தேர்தல்! எங்கள் அரசாங்கக் கந்தோரில் ஒருவரும் சிரிக்கவில்லை. நானும்தான்.

21.12.1982
வாக்குப் பெட்டியோடு வந்து சேர்ந்தோம். விறைக்கிற குளிர்.

22.12.1982
பாடசாலைக்குப் பின்னால்தான் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குத் தண்ணீர்க் குழாய். கொழுந்து பறிக்கிற காத்தாயி இடுப்பில் குடத்தோடு வந்தாள். விளக்கு அணியின் முகவர் துள்ளி எழும்பினார்: "சின்னத்தோட வர்றாங்க, தடுங்க!" பொறுப்பதிகாரி விஜயரத்தினம் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். வெறுங்குடம் பற்றியும் இல்லை, நிறைகுடம் பற்றியும் இல்லை. கடைசியில் குடத்துக்குப் பதிலாக வாளி கொண்டுவரச் சொன்னார்.

"எனக்கே ஓட்டு இல்லீங்க. என் கொடத்துக்கு இருக்கா?" என்றாள் காத்தாயி. பிரஜாவுரிமை கிடைக்காதவள்.

பத்து மணிக்கு ஒரு ஜீப். இறங்கியவர்களின் கையில் கட்டுக் கட்டாக மற்றவர்களின் வாக்காளர் அட்டை. "பேசாமல் வாக்குச் சீட்டைக் குடுங்கோ, சுசீலா," என்றார் விஜயரத்தினம். கொடுத்தேன். ஐயோ, நான்தானே கொடுத்தனான்! பட்டியலில முப்பத்தெட்டுப் பேரின்ர பெயரை என்ர கையாலதானே வெட்டினனான்!

பின்னேரம் கணக்கப்பிள்ளை அழகையா சலவை வேட்டியோடு வந்தார். அவருடைய பெயரும் வெட்டுப்பட்டிருந்தது.

"நீங்கள் காலமையே போட்டிட்டீங்களே," என்றார் விஜயரத்தினம்.

அழகையா மை படாத தன் விரலைப் பார்த்தார். "அப்படிங்களா? எதுக்குங்க போட்டேன்? விளக்குக்கா, குடத்துக்கா?"

"அது இரகசியம்."

சிரிப்பு வந்தது.

'அமைதியாக நடைபெற்றது' என்ற அறிக்கையில் விஜயரத்தினம் என் கையெழுத்தைக் கேட்டார். அதன் கீழே அந்த முப்பத்தெட்டுப் பேரின் வாக்காளர் இலக்கங்களையும் எழுதிவிட்டுத்தான் போட்டேன். "பிள்ளை, இது உங்களுக்குத் தேவையா?" என்றார். — தேவையா? தெரியாது.

23.12.1982
விளக்கு வென்றதாம். மக்கள் தீர்ப்பாம். சரி, ஒரு கள்ள வாக்கும் விழாமல் வென்றிருந்தால்? இன்றைக்குப் பாதிப் பேருக்கு மேல் சேர்ந்து, எல்லாருடைய அடுத்த தேர்தலையும் வேண்டாமென்று சொல்லலாமா? அந்தக் கேள்விக்கு எந்தச் சின்னம்?

17.01.1983
எனக்கு இடமாற்றக் கடிதம். வில்கமுவ. நான் கேட்கவேயில்லை.

07.02.1983
பஸ் பாதி வழியில் நின்றது. மிச்சத் தூரம் டிராக்டரில்.

புது அதிகாரி ஒரு படிவம் நீட்டினார். 'இடமாற்றம் சொந்த விருப்பத்தின் பேரிலா? ஆம் / இல்லை.' ஆமுக்கு நேரே ஏற்கெனவே X என்று புள்ளடி. அதை வெட்டி, இல்லைக்குப் போட்டேன். மனுஷன் கோபிக்கவில்லை. மேசை லாச்சியைத் திறந்து இன்னொரு படிவம் எடுத்தார். அதிலும் ஆமுக்குப் புள்ளடி. உள்ளே ஒரு கட்டே இருந்தது.

கந்தோர் பூட்டும்வரை ஒன்பது படிவத்தில் அந்தப் புள்ளடியை வெட்டினேன்.