பெரியப்பா முந்திக்கொண்டு சொன்ன பதில்

அன்புள்ள அப்பாவுக்கு, யாரும் குறுக்கே பேசாத இடத்தில் இப்போதாவது இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

நேற்று உங்கள் கருமாதி. பந்தியில் உட்கார்ந்து பெரியப்பா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "எந்தம்பி தங்கமானவனுங்க. கடைசி வரைக்கும் நோவுன்னு ஒரு வார்த்தை சொல்லலீங்க." என் கையில் சாம்பார் வாளி. அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன், அம்மா பார்த்துவிட்டாள்.

நீங்களா சொல்லவில்லை? சொல்ல யார் விட்டார்கள்?

வாதம் வந்து பேச்சு போனபின் உங்களுக்கு மிஞ்சியது 'பீஸ்' என்ற ஒரே சொல். பனியன் கம்பெனியில் காலமெல்லாம் துணி பீஸ் வெட்டிய கட்டிங் மாஸ்டர் உங்களுக்குத் தண்ணீரும் பீஸ், என் பெயரும் பீஸ். ஞாயிறுதோறும் வீரபாண்டி பால்வாடிக்கு, உங்களைப் போல் பேச்சு போனவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்த நாகர்கோவில்காரி ஸ்டெல்லா முதல் நாளே எங்களிடம் கறாராகச் சொன்னாள். "கேள்வி கேட்டுட்டு சும்மா இருங்க. எவ்வளவு நேரம் ஆனாலும் அண்ணாச்சியே சொல்லட்டும்." படம் காட்டிக் காட்டி, மாதக்கணக்கில் மெனக்கெட்டு, உங்கள் வாயில் 'தண்ணி' வந்தது, 'சோறு' வந்தது. 'நோவு' என்று நீங்கள் முழுசாகச் சொன்ன அன்று அங்கிருந்த எல்லாரும் கைதட்டினார்கள்.

பெரியப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. "நாலு பேரு முன்னால அவனைத் திக்க வெச்சு வேடிக்கை பாக்கறதா? ஊட்டு மானம் போவுது கண்ணு." யார் உங்களை நலம் விசாரித்தாலும் அவரே பதில் சொல்லிவிடுவார். அதற்குப் பெயர் மரியாதையாம்.

கடைசியாக உங்களை டாக்டரிடம் கூட்டிப்போனவரும் அவர்தான். நான் வேலையில் இருந்தேன். அங்கே நடந்ததை நேற்று அதே பந்தியில் பெருமையாகச் சொன்னார். "என்ன பண்ணுதுன்னு டாக்டர் கேட்டாருங்க. இவன் நெஞ்சுல கைய வெச்சுக்கிட்டு நோ... நோ...ன்னு திணறறான். எதுக்குங்க சிரமம்? வாயுங்க டாக்டர்னு நானே சொல்லிப்போட்டேன்." வாயு மாத்திரையோடு வீட்டுக்கு வந்தீர்கள். விடிவதற்குள் போய்விட்டீர்கள்.

இன்னும் ஒரு மூச்சு நேரம்தானே அப்பா. அதற்குக்கூடவா பொறுமை இல்லை?

வாளியைக் கீழே வைத்தேன். "அப்பா நோவுன்னுதானுங்க சொல்ல வந்தாரு. நீங்க ஏனுங்க விடலை?" என்று கேட்டேன். பெரியப்பா வாயைத் திறந்தார். அதற்குள் பெரியம்மா ஏதோ சொல்ல வந்தார். "அவரே சொல்லட்டுங்க" என்றேன். எல்லாரும் காத்திருந்தோம். பெரியப்பா இலையை மூடிவிட்டு எழுந்து போனார்.

வரும் ஞாயிறு பால்வாடிக்குப் போகிறேன். உங்களைப் போல் அங்கே இன்னும் சிலர் வருகிறார்கள். அவர்கள் பேசி முடிக்கும்வரை பக்கத்தில் இருப்பவர் வாயை அடைப்பது இனி என் வேலை. சத்தியமாகச் செய்வேன்.

'பீஸ்' என்று கூப்பிட்டாலும் ஓடி வந்த
உங்கள் மகள்