வெட்டுப்பட்ட மௌன விரதம்

அடி அண்ணாமலை,
2-12-83

அன்பு மகன் வேணுவுக்கு அம்மா காசியம்மாள் எழுதுவது. அண்ணாமலையார் தயவில் நான், உன் அப்பா, தங்கை சரசு, போன வாரம் கன்று போட்ட செவலை வரைக்கும் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். நீ நலமா என்று கேட்க மாட்டேன், நலமில்லை என்பதைத்தான் உன் கடிதம் பக்கம் பக்கமாகச் சொல்கிறதே. நீ எழுதிய சிரிப்புக் காட்சிக்குத் திருவண்ணாமலையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை என்று படக் கம்பெனி ஆள் மெட்ராசுக்கு எழுதிப் போட்டாராம், உன்னை உதவிக்கு வைத்திருக்கும் வசனகர்த்தா ஐயா உனக்குச் சிரிப்பு வராது, அடுத்த படத்துக்கு வர வேண்டாம் என்றாராம், நீயும் மூட்டை கட்டிக்கொண்டு வருகிறேன், அரிசி மில்லில் கணக்குப்பிள்ளை வேலைக்கு அப்பாவைச் சொல்லி வைக்கச் சொல் என்கிறாய். அட மக்கு, அவசரப்படாமல் இதை முழுக்கப் படி.

ஒருத்தரும் சிரிக்கவில்லை என்பது நிஜம்தான், நானே கண்ணால் பார்த்தேன். தீபத்துக்கு முந்தின நாள் எதிர்வீட்டு எல்லம்மாளைக் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனேன். படத்தில் உன் பேர் வராது என்று நீ சொல்லியிருந்தும் என் பிள்ளை எழுதினது என்று பஸ்ஸிலேயே பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டேன், வாய் சும்மா இருந்தால்தானே. கல்யாணக் காட்சி வந்தது. ஆடு ஒன்று மணமாலையைத் தின்கிறது, பெண்ணின் தாய்மாமன் அதைக் காட்டி விரலை ஆட்டுகிறார், மேளக்காரர்கள் தங்களுக்குத்தான் சைகை என்று கெட்டிமேளம் கொட்டுகிறார்கள், அவர் இன்னும் வேகமாக ஆட்டுகிறார், அவர்கள் இன்னும் வேகமாகக் கொட்டுகிறார்கள். கொட்டகையில் மூச்சுச் சத்தம் இல்லை. பின்வரிசை ஆள் ஒருத்தர் இந்த மனுஷனுக்கு என்ன வலிப்பா, வாயில் சொன்னால் என்ன என்று கேட்டார். எல்லம்மாள் என் முகத்தைப் பார்க்காமல் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது, உனக்கு எழுதவும் மனசு வரவில்லை.

உன் கடிதம் வந்த பிறகு படுத்தால் அதே நினைப்பு. வாயில் சொன்னால் என்ன என்று அந்த ஆள் கேட்டது திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. அப்போதுதான் உறைத்தது. நீ ஆனி மாதம் வந்தபோது கதை சொன்னாயே, தாய்மாமன் கோயிலில் கற்பூரம் அடித்து, மருமகள் கழுத்தில் தாலி ஏறும்வரை வாய் திறக்க மாட்டேன், திறந்தால் இந்தக் கல்யாணம் நிற்கட்டும் என்று சத்தியம் செய்வார் என்றாயே. உன் அப்பா ஒரு கார்த்திகையில் மௌன விரதம் இருக்கையில் மாடு வேர்க்கடலைக் கொல்லையில் இறங்கிவிட, இவர் கையைக் கையை ஆட்ட, சாப்பிடக் கூப்பிடுகிறார் என்று பக்கத்துக் கொல்லை இருசப்பன் கை கழுவிக்கொண்டு இலைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாரே, அதைத்தானே மாட்டை ஆடாக்கிக் கல்யாணத்தில் வைத்தாய். நான் பார்த்த படத்தில் அந்தச் சத்தியமே இல்லையடா. விரதம் என்று தெரியாதவனுக்கு அவர் ஊமையா பைத்தியமா என்று எப்படித் தெரியும், எப்படிச் சிரிப்பான்.

மறுநாளே கொட்டகைக்குப் போய் மேனேஜர் ராமதாசைக் கேட்டேன். அவர் கொஞ்சமும் கூசாமல், "தீபத்துக்கு ஜனம் ஜாஸ்திம்மா, ஒரு ஷோ கூட ஓட்டணும், அதான் ஒரு ரீலை எடுத்துட்டோம். அதுல பாட்டும் இல்ல, சண்டையும் இல்ல, சும்மா கோயில்ல நின்னு பேசினு இருக்காங்க" என்றார். தீபக் கூட்டம் போன பிறகும் அந்த ரீலைத் திரும்பச் சேர்க்கவில்லை, மறந்தே போனார்களாம். எனக்கு வந்ததே கோபம். "தாலி கட்டறத எடுத்துட்டுப் பந்தி மட்டும் போட்டா அது கல்யாணமா சார்? எம் புள்ள சோறு போச்சு" என்றேன். கம்பெனி ஆள் சக்கரபாணியும் அங்கேதான் டிக்கெட் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் வாசலிலேயே நின்றுகொண்டு படத்தை முழுசாகப் பார்க்காமலே எழுதிப் போட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை மதிய ஆட்டத்துக்கு எல்லா ரீலையும் ஓட்டுங்கள், நீங்களும் என் பக்கத்தில் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். நல்ல மனுஷர், உட்கார்ந்தார்.

இன்றைக்குத்தான் அந்த வெள்ளிக்கிழமை. உன் அப்பாவையும் இழுத்துப் போனேன். தாய்மாமன் முதல் தடவை விரலை ஆட்டினார், மேளம் கொட்டியது, அவ்வளவுதான், கொட்டகை குலுங்கியது வேணு. ஆடு மாலையை முடித்து மாப்பிள்ளை அங்கவஸ்திரத்துக்குப் போனபோது பின்னால் யாரோ பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். சக்கரபாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தப்பு எங்கள்மேல்தான், இன்றைக்கே மெட்ராசுக்கு எழுதுகிறேன் என்றார். நான் எத்தனையோ சிரிப்புப் படம் பார்த்திருக்கிறேன், வழுக்கி விழுகிறவன் தெருவுக்கு வருமுன்னே கீழே கிடக்கும் வாழைப்பழத் தோலை நமக்குக் காட்டிவிடுவார்கள் என்பது இப்போதுதான் புத்தியில் ஏறியது. உனக்கு அது எப்போதோ தெரிந்திருக்கிறது, என் வயிற்றில் பிறந்த உனக்கு. ஆனால் ஒன்று, கடைசியில் மாமா வாய் திறந்ததும் நடந்ததையெல்லாம் மறுபடி விளக்குகிறாரே, அங்கே ஜனம் எழுந்து செருப்பைத் தேடிவிட்டது. அதைக் கம்மி பண்ணு.

உன் அப்பா படம் முழுக்கச் சிரிக்கவே இல்லை, விறைப்பாக உட்கார்ந்திருந்தார். கூத்தாடிப் பிழைப்பு என்று உன்னைத் திட்டின மனுஷனாயிற்றே, தன்னையே கேலி பண்ணிவிட்டான் என்று கோபமோ என்று எனக்குப் பயம். திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டு பேர் அந்த மாமாவைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள். இவர் எழுந்து நின்று, "அந்த விரதம் இருந்தவன் நான்தாங்க. எழுதனது எம் புள்ள" என்றார். இறங்கும்வரை உட்காரவே இல்லை.

வேளைக்குச் சாப்பிடு, வெறும் டீயில் ஓட்டாதே. சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னால் உன்னிடம் பலிக்காது, ஆனாலும் சொல்கிறேன். அண்ணாமலையாரும் உண்ணாமுலை அம்மனும் உன் பேனாவுக்குத் துணையிருக்கட்டும். பொங்கலுக்கு வா, வந்து நாலு நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போ. அதற்கு மேல் உனக்கு இங்கே வேலை இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கினதும் உன் அப்பா நேரே அரிசி மில்லுக்குப் போய், அந்த வேலையை இருசப்பன் மகனுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

உன் வெற்றியில் பூரித்திருக்கும்
அம்மா காசியம்மாள்