விடிவெள்ளி என்பது பொய்

தம்பிக்கு அக்கா எழுதுவது.

என் மகளின் பெயரை என்னைக் கேட்காமல் எடுத்து உன் மகளுக்கு வைத்திருக்கிறாய். அதையாவது விழுங்கியிருப்பேன். அந்தப் பெயருக்குப் பொய்யாக ஓர் அர்த்தம் சொல்லி, அதைப் பெயர்சூட்டு விழா அழைப்பிதழிலும் அச்சடித்து அனுப்பியிருக்கிறாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. "அக்கா, கோபமா?" என்று நீ அனுப்பிய செய்திகளுக்கு அதனால்தான் பதில் இல்லை. போனில் பேசினால் நீ அழுவாய், நான் இளகிவிடுவேன். கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது.

அன்றைக்கு வீடியோவில் குழந்தையைக் காட்டினாய். நான் கடையில், தையல் மிஷின்மேல் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பெயரைச் சொன்னதும் என் கால் பெடலிலிருந்து நழுவிவிட்டது. உன் பக்கத்தில் நின்ற உன் மாமியார், "இப்படி ஒரு பேரு நான் கேள்விப்பட்டதே இல்லையே, எங்க பிடிச்சீங்க மாப்பிள்ளை?" என்று கேட்டார். நீ சிரித்துக்கொண்டே, "இணையத்துல தேடினேன் அத்தை. ஏதோ பழைய மொழியாம். விடிவெள்ளின்னு அர்த்தம்" என்றாய். சொல்லிவிட்டு ஒரு கணம் திரையில் என்னைப் பார்த்தாய். உடனே குழந்தையின் குல்லாவைச் சரிசெய்யக் குனிந்துகொண்டாய். அந்தக் குல்லா சரியாகத்தான் இருந்தது.

என் தொழில் உனக்குத் தெரியும். பள்ளிச் சீருடைகளில் பிள்ளைகளின் பெயரைத் தைத்துக் கொடுக்கிறவள் நான். அர்த்தம் கேட்காமல் ஊசியில் நூல் கோர்ப்பதில்லை. வந்தவர்கள் சலித்துக்கொண்டாலும் விடுவதில்லை. சமீபத்தில் ஒரு பெண்மணி, தன் மகளின் பெயருக்கு எதற்கும் அஞ்சாதவள் என்று பொருள் என்றார். அந்த அஞ்சாதவள் என் கத்தரிக்கோலைப் பார்த்ததும் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போனவள், கடைசிவரை வெளியே வரவில்லை. இன்னொரு பையனின் பெயருக்கு முடிவில்லாதவன் என்று அர்த்தமாம். சட்டைப்பையின் மேல் தொடங்கிய பெயர் அக்குள் வரை போயிற்று. "இதைத் தைச்சு முடிக்கறதுக்குள்ள புள்ள காலேஜுக்கே போயிடுவான்" என்று அவன் அம்மாவே சொன்னாள். ஒரு லாரி ஓட்டுநர் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு, அர்த்தமெல்லாம் தெரியாது, கூப்பிட நன்றாக இருந்தது, வைத்துவிட்டோம் என்றார். அவர் பிள்ளையின் பெயரைத்தான் நான் ஆசையாகத் தைத்தேன். தெரியாமலிருப்பது தப்பில்லை. தெரிந்துகொண்டே மாற்றிச் சொல்வதுதான் தப்பு.

உனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லிவிடாதே.

உன் அத்தான் வேலை பார்த்த இழுவைப் படகின் பெயர் அது. எங்கோ கட்டி, பல கைகள் மாறி வந்த பழைய படகு. நான் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். துறைமுகத்துக்கு அவருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் காத்திருக்கும்போது, அதன் பக்கவாட்டில் எழுதியிருந்ததை, அவர் சொல்லிக்கொடுத்த எழுத்துகளைக் கூட்டிக் கூட்டி ஒருநாள் முழுதாகப் படித்துவிட்டேன். நானாகப் படித்த முதல் சொல் அதுதான். படகைக் கட்டியவர்களின் பேச்சில், கரை தெரிகிறது என்று கூவுவதற்கான சொல் அது என்று சுக்கான் பிடிக்கும் பெரியவர் சொன்னார். மகள் பிறந்ததும் நாங்கள் வேறு பெயரை யோசிக்கவே இல்லை.

அப்போது நீ எங்களோடுதான் இருந்தாய். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, "கரை தெரியுது, கரை தெரியுது" என்று கத்தியபடி சமையலறைக்கும் வாசலுக்கும் ஓடுவாய். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார். நீ அவருக்கும் சேர்த்து இன்னும் உரக்கக் கத்துவாய். அவள் தவழ்வதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டாள்.

அதன் பிறகு நம் வீட்டில் ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. என் மனம் நோகுமாம். நான் அறைக்குள் வந்தால் பேச்சு நின்றுவிடும். எனக்கு எது நோகும் என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. நீ வளர்ந்தது அந்த வழக்கத்தில்தான். அதனால்தான் என் முகத்துக்கு நேராக விடிவெள்ளி என்று சொல்ல உனக்கு நா எழுந்தது.

அத்தான் எனக்குத் தெரியாமல் உன்னிடம் பேசியிருக்கிறார். இறந்த குழந்தையின் பெயர் என்று தெரிந்தால் உன் மனைவி பயந்துவிடுவாள், பெயர் கைநழுவிப் போகும், அக்காவுக்காக நினைத்தது கெட்டுவிடும் என்றாயாம். மனிதர் உன் கட்சியில் சேர்ந்துவிட்டார். "ஒரு வாயாவது அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடட்டுமே. அர்த்தம் என்னவா இருந்தா என்ன?" என்கிறார். அதிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை. சாப்பாட்டில் உப்பு குறைந்தால் பூனையிடம் சொல்கிறார்.

என்னால் அப்படி விட முடியாது. அந்தப் பெயரோடு ஒருத்தி வளரப்போகிறாள் என்றால், அவளுக்கு முன்னால் ஒருத்தி இருந்தாள் என்பதும் அவளுக்குத் தெரிய வேண்டும். இல்லையென்றால் நீ என் மகளைப் பிறக்காதவளாக ஆக்குகிறாய். உன் மனைவியையும் ஏமாற்றுகிறாய். பெற்றவளுக்குத் தெரியாமல் அவள் பிள்ளைமேல் எதையும் சுமத்த உனக்கு உரிமை இல்லை, எனக்கும் இல்லை.

இந்தக் கடிதத்தில் எங்கேயும் நான் அந்தப் பெயரை எழுதவில்லை. கேட்டு வாங்காதவனுக்கு எழுதிக் கொடுக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூப்பிட்டிருக்கிறாய். அதற்குள் நடக்க வேண்டியதைச் சொல்கிறேன்.

நீ இந்தக் கடிதத்தை உன் மனைவியின் கையில் கொடுக்க வேண்டும். நீ படித்துக் காட்டாதே, பூசி மெழுகிவிடுவாய்.

முடிவை அவள் எடுக்க வேண்டும். நீயோ உன் மாமியாரோ நடுவில் புகக் கூடாது. வேண்டாம் என்றால் வேறு பெயர் வையுங்கள். அவள்மேல் எனக்குத் துளி வருத்தமும் வராது. பெற்றவளின் பயம் எனக்குத் தெரியாததா?

வைக்கலாம் என்றால், அவளே என்னைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். நீ கேட்டால் தர மாட்டேன். அழைப்பிதழில் விடிவெள்ளி என்றிருப்பதை நீ உன் கையால் கோடு போட்டு அடிக்க வேண்டும். வந்தவர்கள் முன்னால் நிமிர்ந்து நின்று, பெயர் எங்கிருந்து வந்தது, முதலில் யாருடையது என்று நீதான் சொல்ல வேண்டும்.

உன் அத்தானைப் பேருந்து நிலையத்திலிருந்து நீ வந்து அழைத்துப் போக வேண்டும். முழங்கால் அவருக்கு முன்போல் இல்லை. உன் மனைவி எந்தப் பெயர் வைத்தாலும் நானும் கூட வருவேன். மறைத்தால் மட்டும் வர மாட்டேன்.

குழந்தை செய்ய வேண்டியதும் இருக்கிறது. அவள் தவழ வேண்டும். சுவரைப் பிடித்து எழுந்து நிற்க வேண்டும். விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொள்ள வேண்டும். பல் விழுந்து முளைக்க வேண்டும். எனக்கு வைத்த பெயர் எனக்குப் பிடிக்கவே இல்லை என்று உங்களோடு கதவை அறைந்து சண்டை போடும் வயதுக்கு வர வேண்டும். அதைத் தாண்டியும் வர வேண்டும்.

அக்கா